புது மானிட்டர் மாட்டியதிலிருந்து கணினி மெதுவாகிவிட்டது: கார்டு போய்விட்டதா?

கேள்வி, ஜூலை 6, 2024

அண்ணா, 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து கணினியே மெதுவாகிவிட்டது. கேம் முன்பு விநாடிக்கு 60 ஃபிரேமில் (60 படத்தில்) அசையாமல் ஓடும், இப்போது 30-ல் நிற்கிறது. கேமை விடுங்கள், டெஸ்க்டாப்பில் மவுஸை இழுத்தாலே சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கிறது. ரைசன் 5 5600, 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. பழைய 1920×1080 மானிட்டரை இரண்டாவது திரையாகப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அதில் கறுப்பு எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. மானிட்டர் மாற்றினால் கணினி மெதுவாகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆகிவிட்டது. கார்டு போகப்போகிறது என்று நினைக்கிறேன். முழுதாகப் போவதற்குள் விற்றுவிடலாமா?

பதில், ஜூலை 6, இரவு 9.15

விற்காதீர்கள் தம்பி. முதலில் கணக்கைப் பாருங்கள். 1920×1080 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 20,73,600 புள்ளிகள். 3840×2160 என்றால் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. கார்டு அதேதான், வேலை நான்கு மடங்கு. கேம் பாதியாக இறங்கியதில் அதிசயம் இல்லை. கேமுக்குள் ரெசல்யூஷனை 1920×1080-க்கு இறக்கிப் பாருங்கள், பழைய வேகம் திரும்பிவிடும்.

கேபிளையும் மாற்றிவிடுங்கள். பழைய மானிட்டரோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளைத்தான் போட்டிருப்பீர்கள். ஹெச்டிஎம்ஐயே வேண்டாம், டிஸ்ப்ளே போர்ட் போடுங்கள்.

ஜூலை 6, இரவு 11.40

படுத்தவன் எழுந்து வந்து எழுதுகிறேன். மேலே சொன்னதில் ஓட்டை இருக்கிறது.

கேம் மெதுவாவதற்குப் புள்ளிக் கணக்கு சரி. டெஸ்க்டாப்பில் மவுஸ் இழுப்பதற்கு? ஓர் அம்புக்குறியை நகர்த்த இந்தக் காலத்தில் எந்தக் கார்டும் திணறாது. இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். "30-ல் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். 27, 34, 29 என்று அலையவில்லை, நிற்கிறது. பழுதாகிற கார்டு இப்படி முழு எண்ணில் வந்து நிற்காது. ஏறும், இறங்கும், படத்தில் கோடு போடும், திரை கறுத்துப்போய்த் திரும்பும். ஆணி அடித்த மாதிரி 30 என்றால், 30-க்கு மேல் போகாதே என்று எங்கேயோ அணை போட்டிருக்கிறது.

ஒரு சோதனை. ஏதாவது ஒரு விண்டோவைப் பிடித்து இரண்டு திரைக்கும் நடுவே மெதுவாக இழுங்கள். பழைய திரைக்குள் போனதும் வழுக்கிக்கொண்டு போகிறதா, அங்கேயும் ஒட்டுகிறதா? அதைச் சொல்லுங்கள். கேமை எந்த முறையில் ஓட்டுகிறீர்கள் என்பதையும்: முழுத்திரையா, விளிம்பில்லா விண்டோவா?

ஜூலை 7, காலை

பதில் வந்துவிட்டது. பழைய திரையில் விண்டோ வழுக்குகிறது, புதுத் திரைக்கு வந்ததும் ஒட்டுகிறது. கேம் விளிம்பில்லா விண்டோவில் ஓடுகிறது. 1920×1080-க்கு இறக்கியும் அதே 30.

அப்படியானால் என் முதல் குறிப்பின் முதல் பத்தியை இந்தச் சிக்கலுக்கு மறந்துவிடுங்கள். ஒரே கணினி, ஒரே கார்டு, ஒரே நேரம். ஒரு திரை வேகம், இன்னொன்று மெது. கணினி மெதுவாகவில்லை. அந்த ஒரு திரைக்குப் படம் போகிற வழி மெதுவாகியிருக்கிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேலே எந்தத் திரை என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கும். புது மானிட்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரெஃப்ரெஷ் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை திரை படத்தை மாற்றுகிறது, எவ்வளவு என்று பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கும்.

60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை படம் மாறும். 30-ல் 33.3 மில்லி விநாடி. கை நகர்ந்த பிறகு அம்புக்குறி நகர்வதைக் கண் பார்க்க இரண்டு மடங்கு வரை காத்திருக்க வேண்டும். அந்தச் "சேறு" அதுதான். விளிம்பில்லா விண்டோவில் கேம் டெஸ்க்டாப்பின் தாளத்துக்கே ஆடும், கேமின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பூட்டும் விசிங்க் போட்டிருந்தால் 30-ஐத் தாண்டாது.

இதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஐந்து மாதம் 60-ல் ஓட்டினேன். விண்டோஸ் தானாக 60-ஐ எடுத்துக்கொண்டது, நான் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து மாதமும் "பெரிதாக வித்தியாசம் தெரியவில்லையே" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் வாங்காமல் விட்டார்கள். அன்றிலிருந்து யார் மானிட்டர் மாட்டினாலும் நான் முதலில் கேட்பது அந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்றுதான்.

ஜூலை 7, மாலை

30 ஹெர்ட்ஸேதான். கீழே இழுத்துப் பார்த்தால் 60 என்ற தேர்வே இல்லை, 30, 29, 25, 24 என்று முடிந்துவிடுகிறதாம்.

ஏன் 30 என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு முறை போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. 4கே படம் 3840×2160 என்றாலும் கம்பியில் போவது 4400×2250. ஓரத்தில் வெற்று இடைவெளியும் சேர்ந்து போகும். அதை 60-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 59.4 கோடி புள்ளிகள், அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். புள்ளிக்கு 24 பிட். ஹெச்டிஎம்ஐ 2.0 வரை 8 பிட்டை 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்புவார்கள், ஆகவே கம்பியில் புள்ளிக்கு 30 பிட். பெருக்கினால் 17.82 ஜிகாபிட். ஹெச்டிஎம்ஐ 2.0-ன் எல்லை 18. உரசிக்கொண்டு உள்ளே போகிறது. ஹெச்டிஎம்ஐ 1.4-ன் எல்லை 10.2 தான். அதில் 4கே 60 போகாது. 4கே 30-க்கு அந்த 17.82-ல் பாதி, 8.91, அது போகும். உங்கள் பட்டியல் 30-ல் தொடங்குவது இதனால்தான். வழியில் எங்கேயோ ஒருவர் "நான் 1.4" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேபிளை மாற்றிவிட்டுச் சொல்லுங்கள்.

ஜூலை 8

கேபிள் மாற்றியாயிற்று. 18 ஜிகாபிட்டுக்குச் சான்று பெற்றது. அதே 30.

கேபிள் என்று நான் அடித்துச் சொன்னது அவசரம். யோசித்தால், ஹெச்டிஎம்ஐ கேபிள் தன்னை இன்ன பதிப்பு என்று கணினிக்குச் சொல்வதே இல்லை. கேபிள் மோசமாக இருந்தால் 60 என்ற தேர்வு பட்டியலில் இருக்கும், தேர்ந்தெடுத்ததும் திரை கறுக்கும் அல்லது நட்சத்திரம் நட்சத்திரமாகப் புள்ளிகள் மின்னும். தேர்வே இல்லை என்றால் மானிட்டர் கொடுக்கும் அறிமுகச் சீட்டில் 60 இல்லை என்று பொருள். அதன் பெயர் எடிட் (EDID). மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகத்தில் 128 பைட் தொகுப்புகளாக எழுதியிருக்கும். என்னால் என்னென்ன அளவு, என்னென்ன வேகம் முடியும் என்ற பட்டியல். கார்டு அதைப் படித்துத்தான் நமக்குத் தேர்வுகளைக் காட்டுகிறது.

மானிட்டர் ஏன் தன் 60-ஐ மறைக்கும்? அதன் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள், கணினியின் செட்டிங்ஸில் வேண்டாம். மானிட்டரின் பின்னால் அல்லது அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் வருவது. அதில் சிஸ்டம் அல்லது இன்புட் பக்கத்தில் "ஹெச்டிஎம்ஐ மோட்: 1.4 / 2.0" என்று ஒரு வரி சில மானிட்டர்களில் உண்டு. பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று 1.4-ல் வைத்தே அனுப்புவார்கள். டிவிகளில் இதற்கே வேறு பெயர், "அல்ட்ரா ஹெச்டி கலர்", "என்ஹான்ஸ்டு" என்று வரும்.

ஜூலை 8, இரவு

இருந்தது! 1.4-ல் இருந்திருக்கிறது. 2.0-க்கு மாற்றியதும் திரை ஒரு நொடி அணைந்து வந்தது, பட்டியலில் 60 வந்துவிட்டது. மவுஸ் வழுக்குகிறதாம். எனக்கே இறங்கியது பாரம்.

ஜூலை 9

முதல் நாள் "ஹெச்டிஎம்ஐயே வேண்டாம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒருவர் சரியாகக் கேட்டுவிட்டார், 17.82 போகும் என்று நீங்களே கணக்குப் போட்டீர்களே, பிறகு ஏன் வேண்டாம் என்று. நியாயம். 4கே 60-க்கு ஹெச்டிஎம்ஐ 2.0 போதும். அது 2013-லேயே வந்துவிட்டது. 4கே 144 மாதிரி போகும்போதுதான் 48 ஜிகாபிட் வரை போகும் ஹெச்டிஎம்ஐ 2.1 வேண்டும், அல்லது சுருக்கி அனுப்பும் வசதியோடு டிஸ்ப்ளே போர்ட் 1.4.

டிஸ்ப்ளே போர்ட்டிலும் ஒரு வில்லங்கம் எனக்கு வந்திருக்கிறது. அதன் 20-வது முள் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரணக் கேபிளில் இரு முனைக்கும் இடையே அந்தக் கம்பி இணைந்திருக்கக் கூடாது. இணைத்து விற்கிற கேபிளும் உண்டு. என்னிடம் அப்படி ஒன்று மாட்டியது. கணினியை அணைத்த பிறகும் கார்டில் ஒரு சின்ன விளக்கு மங்கலாக எரியும், சில காலைகளில் கணினி எழவே எழாது. மானிட்டரின் மின்சாரம் கேபிள் வழியாகக் கார்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. பவர் சப்ளையை மாற்றினேன், மதர்போர்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கேபிளைக் கழற்றியதும் சரியானது.

ஜூலை 10

பழைய திரையில் சாம்பல் கறுப்பு. இதை மறந்தே போனேன், தம்பி நினைவுபடுத்தினார்.

1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்பது டிவியின் அளவும்கூட. ஹெச்டிஎம்ஐ வழியாக அந்த அளவில் ஒரு திரை வந்தால், கார்டை இயக்கும் டிரைவர் நிரல் சில சமயம் அதை டிவி என்றே நினைத்துக்கொள்ளும். டிவி உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி உலகத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. கார்டு 16-ஐக் கறுப்பு என்று அனுப்புகிறது, மானிட்டர் அதை 0-வுக்குப் பதினாறு படி மேலே உள்ள சாம்பலாகக் காட்டுகிறது. கார்டின் கண்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்தில் டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும். லிமிடெட் என்றிருப்பதை ஃபுல் ஆக்குங்கள். வேறு சில கார்டுகளில் பிக்சல் ஃபார்மட் என்ற பெயரில் இருக்கும், ஆர்ஜிபி ஃபுல் என்பதை எடுங்கள்.

மானிட்டர் மெனுவிலும் பிளாக் லெவல் என்று ஒன்று இருக்கலாம். அதையும் இதையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். இரண்டையும் மாற்றினால் நேர்மாறாகப் போய், கரும்பகுதி எல்லாம் ஒரே மையாக அப்பிக்கொள்ளும்.

ஜூலை 11

வேறொருவருக்கு: 4கே டிவியை மானிட்டராக வைத்திருக்கிறார், 60 ஹெர்ட்ஸ் வருகிறது, வேகம் சரி, ஆனால் எழுத்து மங்கல். கண் பரிசோதனைக்கே போய் வந்துவிட்டாராம்.

அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் கலர் ஃபார்மட் என்ற வரியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். 4:2:0 என்றிருக்கிறது. இடம் போதாத வழியில் 60-ஐத் திணிப்பதற்கான தந்திரம் இது. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்புவார்கள், நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சேர்த்து அனுப்புவார்கள். படம் பார்க்க இது போதும், கண் கண்டுபிடிக்காது. எழுத்துக்குப் போதாது.

சோதிக்க ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்துதான் நல்லது. கறுப்புப் பின்னணியில் கடும் சிவப்பில், சிறிய அளவில் "கண்ணன் தண்ணீர்" என்று அடித்து அருகில் போய்ப் பாருங்கள். 4:2:0-ல் ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யின் மேலிருக்கும் புள்ளி கரைந்து ஒரு சிவப்புப் புகையாகும். அதே வரியை வெள்ளையில் அடித்தால் கூர்மையாக இருக்கும். வெள்ளை சரி, சிவப்பு புகை என்றால் கண்ணில் கோளாறு இல்லை, கம்பியில்தான். டிவியின் அந்த "என்ஹான்ஸ்டு" தேர்வைப் போட்டுவிட்டு, நிறத்தையும் புள்ளிக்குப் புள்ளி அனுப்பும் ஆர்ஜிபிக்கு மாற்றினார். புள்ளிகள் திரும்பிவிட்டன என்று எழுதியிருக்கிறார்.

ஜூலை 13

சரி, தம்பியின் அடுத்த கேள்வி. "60 வந்துவிட்டது, ஆனாலும் கார்டு நன்றாக இருக்கிறது என்று எப்படி நம்புவது? பெஞ்ச்மார்க் எதை ஓட்டுவது?"

இந்தக் கேள்வியை நீங்கள் முதல் நாள் கேட்காமல் இன்று கேட்பது நல்லதாகப் போயிற்று. 30 ஹெர்ட்ஸில் இருந்தபோது விசிங்கோடு எதை அளந்திருந்தாலும் 30 என்றுதான் வந்திருக்கும், அதை வைத்துக் கார்டை விற்றிருப்பீர்கள். படம் போகிற வழி சரியான பிறகுதான் அளக்க வேண்டும்.

3டிமார்க் என்ற வேகம் அளக்கும் நிரலில் டைம் ஸ்பை என்ற சோதனையை ஓட்டுங்கள். மானிட்டர் எந்த அளவாக இருந்தாலும் அது உள்ளே 2560×1440-ல்தான் வரையும், வரைந்த பிறகுதான் திரைக்கு ஏற்ப நீட்டும். ஆகவே பழைய மானிட்டரில் எடுத்த எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். போன வருடம் கார்டு வாங்கியதும் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்றீர்களே, அது தங்கம். பத்திரமாக வையுங்கள்.

ஓட்டும்போது மற்றதை எல்லாம் மூடிவிடுங்கள். பிரவுசர், அப்டேட், பின்னால் ஓடும் பேக்கப். விண்டோஸ் தொடங்கி ஐந்து நிமிடமாவது விட்டுவிடுங்கள். மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரோடு மட்டும்.

கூடவே பாகங்களின் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வையுங்கள். வெப்பத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நான் அதோடு கிளாக்கை, அதாவது கார்டு ஓடும் வேகத்தை, பார்ப்பேன். பத்தாவது நிமிடத்தில் கிளாக் இறங்கிவிட்டால் சூடு தாங்காமல் தன்னைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். இறங்காவிட்டால் வெப்ப எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் பதற மாட்டேன்.

ஜூலை 13, இரவு

எண் வந்தது. கிராபிக்ஸ் எண் போன வருடத்தோடு ஒரு சதவீதத்துக்குள். கார்டு கல்லு மாதிரி இருக்கிறது தம்பி, நிம்மதியாகத் தூங்குங்கள்.

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட்டில் "x16 4.0 @ x16 1.1" என்று வருகிறதே என்று பயப்பட வேண்டாம். x16 என்பது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான பாதைகளின் எண்ணிக்கை, 4.0 அந்த இணைப்பின் பதிப்பு. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க இணைப்பு தன்னை 1.1-க்கு இறக்கிக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்தி அது தரும் சிறு சோதனையை ஓட்டினால் 4.0-க்கு ஏறிவிடும். ஏறாவிட்டாலோ, @ குறிக்குப் பிறகு x4 என்றிருந்தாலோ அப்போது பேசலாம். கார்டைக் கீழ் ஸ்லாட்டில் மாட்டியவர்களுக்கு அப்படி வரும்.

ஜூலை 14

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். ஒருவர் கேட்கிறார், விண்டோஸே கணினிக்கு மதிப்பெண் கொடுக்குமே, அது எங்கே போயிற்று?

விஸ்டாவில் 5.9 வரை, விண்டோஸ் 7-ல் 7.9 வரை, விண்டோஸ் 8-ல் 9.9 வரை. 8.1-ல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அளக்கும் நிரல் உள்ளேதான் இருக்கிறது, நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து "வின்சாட் ஃபார்மல்" என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் ஓடும். எனக்கு அதில் பிடித்தது ஒன்று. மொத்த மதிப்பெண்ணுக்கு அது சராசரி எடுக்காது. ஐந்தில் எது குறைவோ அதுதான் மொத்தம். என் பழைய கணினியில் மற்ற எல்லாம் 7-க்கு மேல், ஹார்டு டிஸ்க் மட்டும் 5.9. மொத்தம் 5.9. அப்போது அநியாயமாகத் தெரிந்தது. எஸ்எஸ்டி போட்ட அன்று புரிந்தது, அந்த 5.9 உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூலை 16

தம்பி திரும்பி வந்திருக்கிறார். கேமை 2560×1440-க்கு மாற்றி ஓட்டுகிறார். சராசரி 71 ஃபிரேம், ஆனால் கூட்டமான இடங்களில் "டக் டக்" என்று குதிக்கிறதாம். விசிங்கை அணைத்தும் அதே கதை.

சராசரி இதைக் காட்டாது. ஒரு விநாடியில் 70 ஃபிரேம் வந்திருக்கும், ஆனால் 69 ஃபிரேம் சீராக வந்துவிட்டு ஒன்று மட்டும் 80 மில்லி விநாடி எடுத்திருந்தால் கண் அந்த ஒன்றைத்தான் பிடிக்கும். கேப்ஃபிரேம்எக்ஸ் அல்லது பிரசென்ட்மான் போட்டு, ஒரே இடத்தில் ஒரே நடையில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். "1% லோ" என்று ஓர் எண் தரும், ஆக மெதுவான நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்று. சராசரிக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு அகலமோ குதிப்பு அவ்வளவு.

ஜூலை 16, இரவு

1% லோ 31. சராசரி 71-க்கு இது மிகவும் கீழே. அந்த நேரத்தில் கார்டின் பயன்பாடு 60 சதவீதத்துக்கு இறங்குகிறது என்கிறார். கார்டு காத்திருக்கிறது. யாருக்காக? பிராசசர் அல்லது ரேம்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். வேகம் என்ன, இரண்டு ரேமும் இரண்டு சேனலில், அதாவது பிராசசருக்குப் போகும் தனித்தனி வழிகளில், இருக்கின்றனவா?

ஜூலை 17

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். டாஸ்க் மேனேஜர் வேகத்தைக் காட்டும், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும், சேனலைக் காட்டாது. அதற்கு சிபியு-இசட் என்ற நிரலில் மெமரி பக்கம் வேண்டும். டிடிஆர்4 வகை ரேமில் "டூயல்" அல்லது 2×64 என்றிருக்க வேண்டும். டிடிஆர்5-ல் அதே இரண்டு ரேமுக்கு 4×32 என்று காட்டும், குழம்ப வேண்டாம்.

அதே பக்கத்தில் டிராம் ஃபிரீக்வென்சி பாதியாகத் தெரியும். 3200 ரேமுக்கு 1600 என்று காட்டும். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அப்படி. 1600 என்றால் நல்லது.

தம்பிக்கு வந்தது 1200. சிங்கிள். டாஸ்க் மேனேஜரில் 2400.

கேபினெட்டைத் திறந்து படம் அனுப்பினார். நான்கு ஸ்லாட், பிராசசரை ஒட்டிய முதல் இரண்டிலும் ரேம். மாட்டிக் கொடுத்தவர் பக்கத்தில் பக்கத்தில் அழகாக வைத்துவிட்டார். அந்த இரண்டும் ஒரே சேனல். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் மாட்ட வேண்டியவை, மதர்போர்டு கையேட்டிலும் ஏ2, பி2 என்று போட்டிருக்கும்.

எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். 2400 வேகத்தில் ஒரு சேனல் என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிகாபைட். அதே ரேம், 3200-ல், இரண்டு சேனலில் 51.2.

செய்ய வேண்டியது: அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். புது இடத்தில் "கிளிக்" என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள், பயந்து பயந்து அழுத்தினால் பாதியில் நிற்கும். முதல் முறை திரை வரத் தாமதமாகலாம், தானாக அணைந்து எழலாம். பொறுங்கள். பிறகு பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் தேர்வு, சில மதர்போர்டில் அதற்கு டிஓசிபி என்று பெயர், அதைப் போட்டு 3200-ஐத் தேர்ந்தெடுங்கள்.

ஜூலை 18

இரவெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. 13-ஆம் தேதி நான் என்ன சொன்னேன்? போன வருடத்து எண்ணோடு ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன். ஒத்துப்போனதுதான். ஆனால் போன வருடமும் ரேம் இதே தவறான ஸ்லாட்டில்தான் இருந்தது! மாட்டிய நாளிலிருந்தே தவறு என்றால் பழைய எண்ணும் தவறான எண்தான். கெட்டுப்போனதா என்று கண்டுபிடிக்கப் பழைய எண் உதவும். முதலிலேயே சரியாக இருந்ததா என்பதை அது சொல்லாது.

ஆகவே 13-ஆம் தேதிக் குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பெஞ்ச்மார்க் ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகமும் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மானிட்டருக்கு ஹெர்ட்ஸ். ரேமுக்கு வேகமும் சேனலும். கார்டுக்கு x16. எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற நிரல்: சாட்டா இணைப்பு என்றால் வாசிப்பு விநாடிக்கு 550 மெகாபைட்டை ஒட்டி, என்விஎம்இ மூன்றாம் தலைமுறை என்றால் நல்லது 3500 வரை. இதற்கு மொத்தம் பத்து நிமிடம். அதில் எதுவும் ஒரு பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணைப் பார்த்து ஊகிக்க வேண்டியது இல்லை, நேராக எழுதியே இருக்கிறது.

தம்பி, "கல்லு மாதிரி இருக்கிறது" என்று கார்டைப் பற்றிச் சொன்னது சரி. கணினி முழுவதுக்கும் சேர்த்து உங்களைத் தூங்கச் சொன்னது தவறு.

ஜூலை 21

ரேம் மாற்றியாயிற்று. முதல் முறை திரை வரவில்லை என்று நள்ளிரவில் பதறி எழுதியிருந்தார், ஒரு ரேம் முழுதாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தியதும் வந்துவிட்டது.

அதே கேம், அதே இடம், அதே நடை. சராசரி 71-லிருந்து 79. 1% லோ 31-லிருந்து 52. அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். மெதுவான ஃபிரேம் 32 மில்லி விநாடி எடுத்தது இப்போது 19-க்கு வந்திருக்கிறது. சராசரி எட்டு ஃபிரேம்தான் கூடியிருக்கிறது, ஆனால் அவர் எழுதியது: "அண்ணா, வேறு கணினி மாதிரி இருக்கிறது."

ஜூலை 28

ஒரு வாரமாகத் தொந்தரவு எதுவும் இல்லையாம். நேற்று கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டிப் படம் அனுப்பியிருக்கிறார். நான் சொல்லாமல் அவராகவே செய்தது. பால்பாயிண்ட் பேனாவில் ஐந்து வரி:

"21.7.24. மானிட்டர் ஹெச்டிஎம்ஐ 2.0 மோட், 60. ஆர்ஜிபி ஃபுல், இரண்டு திரையும். ரேம் 2, 4-ஆம் ஸ்லாட், 3200 டூயல். கார்டு x16. 79 / 52."

நானும் இன்று காலை என் கணினியைத் திறந்து, எழுதிக்கொண்டிருக்கிறேன்.